பேசாப் படத்தில் பாட வேறுபாடு



மொழிக்கென அமைந்த மன்றத்தின் சொற்பொழிவு வரிசையில், பேச்சே இல்லாத ஒரு படத்தைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்னும் ஐயம் உங்களுள் சிலருக்கு எழலாம். அந்த ஐயம் நியாயமானதே. சார்லி சாப்ளின் 1925இல் வெளியிட்ட ‘தி கோல்ட் ரஷ்’ என்னும் நகைச்சுவைப் படம், எவ்வாறு மீட்டெடுக்கப்பட்டு வீட்டில் இருந்து பார்க்கும் ஒளிவட்டுப் பதிப்பாக நம் கைக்கு வந்தது என்பதே இன்றைய பொருள். அந்த மீட்டெடுப்பு, தமிழ் படித்தவர்களுக்கு நன்கு பழகிய ஒரு வேலை என்பது நம் கருத்து. ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்து நூலாக அச்சிட்ட பதிப்பாசிரியர்கள் செய்ததும் அந்த வேலைதான். ஒரு கடிதத்தை முன்வைத்து இதனை விளக்கலாம்.

அதற்கு முன் சொல்லைப் பற்றி ஒரு சொல். ‘பேசாப் படம்’ என்பதில் உள்ள ‘பேசா’ என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். பேசும் படம் வந்த பிறகுதான் இப்பெயருக்குத் தேவை பிறந்தது. 1931இல் ‘காளிதாஸ்’ வெளிவரும் வரை தமிழ்நாட்டு மக்களுக்குப் படம் என்றால் படம்தான். சலனப்படம் என்றனர், பயாஸ்கோப் என்றனர். தம்மிடம் ஒரு குறை இருப்பதாக அப்படங்கள் அறிந்திருக்கவில்லை. ‘ஊமைப்படம்’ என்னும் வழக்கு இன்னும் கொடியது. பின்னால் வந்தவர்கள் முன்னோருக்கு இட்ட பெயர் அது. உண்மையில் அப்படங்கள் ஊமையாக ஓடியதும் இல்லை. கொட்டகையில் இசை இருந்தது. தென்னிந்தியக் கொட்டகைகளில், திரைக்கு அருகே நின்று கதையை விளக்கிச் சொல்லும் ஆள் ஒருவர் இருந்ததைத் திரைவரலாற்றாசிரியர்கள் பதிவு செய்துள்ளனர். ஜப்பானில் இதையே தொழிலாகக் கொண்ட ‘பென்ஷி’கள் நடிகர்களுக்கு ஒப்பான புகழ் பெற்றிருந்தார்கள். படத்தின் நடுவே எழுத்து அட்டைகளும் தோன்றின. டைட்டில் கார்டு என்று திரைத்துறையினர் கூறுவது அதைத்தான். ஆக, பேசாப் படத்தில் மொழி இல்லை என்பது பிழை. ஒலியாக இல்லாத இடத்தில் எழுத்தாக இருந்தது.

இனிக் கடிதத்துக்கு வருவோம். பனி மூடிய அலாஸ்காவுக்குப் பொன் தேடிச் செல்லும் ஓர் ஏழை, அங்குள்ள நடனக் கூடத்தில் ஜார்ஜியா என்னும் பெண்ணைக் கண்டு காதல் கொள்கிறான். அவளோ ஜாக் என்னும் முரட்டு ஆடவன்மீது விருப்பம் கொண்டவள். புத்தாண்டு இரவில் தன் குடிசைக்கு விருந்துக்கு வருவதாக அவளும் தோழியரும் விளையாட்டாகச் சொன்னதை நம்பி, அவன் மேசையை அலங்கரித்துக் காத்திருக்கிறான். காத்திருந்தபடியே உறங்கிக் கனவு காண்கிறான். இரண்டு முள்கரண்டிகளில் இரண்டு ரொட்டிகளைக் குத்தி அவற்றை நடனக் கால்களாக ஆட்டிக்காட்டும் புகழ்பெற்ற காட்சி அந்தக் கனவில்தான் வருகிறது. அவர்கள் வரவில்லை. மறுநாள் அவள் எழுதிய ஒரு சிறு கடிதம் அவன் கைக்கு வந்து சேர்கிறது. அவன் அடையும் மகிழ்ச்சியில் கூடமே கலகலக்கிறது.

அந்தக் கடிதம் யாருக்கு எழுதப்பட்டது? 1925ஆம் ஆண்டுப் படத்தில் அது ஜாக்குக்கு எழுதப்பட்டது. நேற்றைய செயலுக்கு மன்னிப்புக் கேட்டு, தன் அன்பையும் சொல்லி, ஜார்ஜியா அதை அவனுக்கு அனுப்புகிறாள். ஜாக் அதைப் படித்துச் சிரிக்கிறான். பிறகு ஒரு கேலியாக அதை அந்த ஏழையிடம் சேர்ப்பித்துவிடுகிறான். கடிதத்தில் பெறுநர் பெயர் இல்லை. ‘நீ’ என்னும் முன்னிலை மட்டுமே உண்டு. கையில் வைத்திருப்பவன் யாரோ அவனே அந்த முன்னிலை. 1942இல் சாப்ளின் இதே படத்தை மறுபடி வெட்டி ஒட்டி வெளியிட்டபோது ஜாக்குக்கு எழுதிய கடிதம் மறைந்துவிட்டது. விருந்துக்கு வராமைக்கு வருந்தி ஜார்ஜியா அந்த ஏழைக்கே எழுதியதாகக் கடிதத்தின் வாசகம் மாற்றப்பட்டது. ஓடிவரும் ஓட்டமும் முகத்து மலர்ச்சியும் இரண்டிலும் ஒன்றே. ஆயினும் முதலதில் அவன் ஏமாற்றப்பட்டவன். இரண்டாவதில் அவன் உண்மையாகவே வேண்டப்பட்டவன்.

சங்க அகப்பாடல் படித்தவர்களுக்கு இதில் வியப்பு இராது. பாடல் ஒன்றே, அடியில் உள்ள துறைக்குறிப்பு மாறினால் பொருள் மாறும். தலைவி தோழிக்குச் சொன்னது என்றால் ஒரு பொருள். சிறைப்புறமாக நிற்கும் தலைவன் கேட்கச் சொன்னது என்றால் வேறு பொருள். ஒரே பாட்டுக்கு இரண்டு துறைகள் காட்டும் குறிப்புகள் குறுந்தொகையிலேயே உண்டு. தொல்காப்பியர் செய்யுள் உறுப்புகளுள் ‘கூற்று’ என்பதையும் ‘கேட்போர்’ என்பதையும் தனித்தனியே வைத்ததன் நுட்பம் இதுதான். மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கினை அவர் கூறுவார். 1925ஆம் ஆண்டுப் பாடத்தில் இக்காட்சியின் நகை, ஜாக்கின் எள்ளலில் பிறக்கிறது. அந்த எள்ளலுக்குக் கூடத்தில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். பார்க்கும் நமக்குச் சிரிப்பு வருவதில்லை. 1942ஆம் ஆண்டுப் பாடத்தில் எள்ளல் நீங்கிவிட்டது. ஏழையின் பேதைமை மட்டும் எஞ்சியிருக்கிறது. நாமும் இலேசாகச் சிரித்துவிடுகிறோம். கதைக்கு நேர்ந்த இழப்பு இது என்றே நாம் கருதுகிறோம்.

1942ஆம் ஆண்டு மாற்றம் கடிதத்தோடு நிற்கவில்லை. பேசும் படங்களின் காலம் அது. புதிய தலைமுறை எழுத்து அட்டைகளைப் பொறுமையாகப் படிக்காது என்று எண்ணிய சாப்ளின், அவற்றை நீக்கிவிட்டுத் தம் குரலிலேயே கதையைச் சொன்னார். இசையும் அமைத்தார். அந்த இசையமைப்பும் ஒலிப்பதிவும் ஆஸ்கர் பரிந்துரை பெற்றன. நாயகனுக்கு எழுத்து அட்டைகளில் ‘தனித்த பொன்தேடி’ என்னும் பொருளில் பெயர் இருந்தது; குரலிலோ ‘சின்ன மனிதன்’ என்னும் பொருளில் செல்லமாக அழைக்கப்பட்டான். மற்றப் பாத்திரங்களின் பேச்சையும் சாப்ளினே சொல்லிவிடுகிறார். திரைச்சீலைக்குப் பின் ஒருவரே எல்லாப் பாவைகளுக்கும் குரல் கொடுக்கும் நம் தோற்பாவைக் கூத்தை நினைத்துக்கொள்ளுங்கள். படத்தின் முடிவும் மாறியது. கப்பலில் இருவரும் புகைப்படக்காரர் முன் நின்று நீண்ட முத்தம் இடுவதும், படம் கெட்டுவிட்டது என்று அவர் அலுத்துக்கொள்வதும் 1925இல் இருந்தன. 1942இல் அம்முத்தம் வெட்டப்பட்டது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஓடும் படம் 72 நிமிடமாகக் குறுகியது.

இங்கேதான் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு. 1942ஆம் ஆண்டுப் பாடமே தம் படம் என்று சாப்ளின் கொண்டார். 1977இல் அவர் மறையும் வரை, அவரது ஒப்புதலோடு உலகெங்கும் சென்றது அதுதான். பழைய பாடம் அமெரிக்காவில் பதிப்புரிமை புதுப்பிக்கப்படாமையால் பொதுவுடைமை ஆகியது. யார் வேண்டுமானாலும் படி எடுத்தார்கள். படியின் படி, அதன் படி என்று ஒளி மங்கி, ஓரம் வெட்டுப்பட்டு, தாறுமாறான வேகத்தில் ஓடும் நாடாக்களாகவும் மலிவு ஒளிவட்டுகளாகவும் அது சந்தைக்கு வந்தது. 1993இல் கெவின் பிரௌன்லோ, டேவிட் கில் என்னும் இருவர் பழைய பாடத்தை மீளக் கட்டமைத்தனர். ஆசிரியரே கைவிட்ட பாடத்தைத் தோண்டி எடுப்பது முறையா என்று கேட்பவர்கள் உண்டு.

முறையே என்பது நம் விடை. பாரதியாரின் எழுத்துகளை அவை முதலில் வெளிவந்த இதழ்களில் தேடி, காலவரிசைப்படி சீனி. விசுவநாதன் தொகுத்தளித்தபோது அதைத் தேவையற்ற வேலை என்று யாரும் சொல்லவில்லை. ஆசிரியரின் இறுதி விருப்பம் மதிக்கத்தக்கது. ஆனால் 1925இல் அரங்கில் இருந்து சிரித்தும் கலங்கியும் பார்த்த மக்களின் படம் வேறு. அவர்கள் பார்த்ததைப் பின்னாளில் ஆசிரியரே மறைத்தாலும், நடந்தது நடந்ததே. நல்ல பதிப்பு ஒன்றைத் தேர்ந்து மற்றொன்றை எரிப்பதில்லை. 2003இல் வந்த சாப்ளின் ஒளிவட்டுத் தொகுப்பும், 2012இல் கிரைடீரியன் நிறுவனம் வெளியிட்ட புளூ ரே பதிப்பும் இரண்டு பாடங்களையும் ஒருசேரத் தந்தன. அந்தப் புளூ ரே பதிப்பில், சாப்ளினின் 1942ஆம் ஆண்டு இசையை 1925ஆம் ஆண்டுப் பாடத்துக்கு ஏற்ப டிமொதி பிராக் இசைத்தமைத்திருக்கிறார். கொட்டகையில் ஒரே இரவில் இரண்டு பாடங்களை யாரும் ஓட்டமாட்டார்கள். வீட்டில் இருப்பவர் ஒன்றை நிறுத்தி மற்றொன்றை ஓட்டலாம், பின்னோக்கிச் செல்லலாம், கடிதத்தைச் சட்டகம் சட்டகமாகப் படிக்கலாம். வீட்டுக்காட்சிப் பதிப்பை நாம் உயர்த்திப் பேசுவது இதனால்தான். அடிக்குறிப்பில் பிரதிபேதம் காட்டும் நூலைப் புரட்டுவதற்கு ஒப்பான வசதி அது.

மீட்டெடுப்பு எவ்வாறு நடைபெறுகிறது என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். மாணவர்கள் பலர், பழைய படத்தைக் கணினியில் இட்டுப் பொத்தானை அழுத்தினால் அது புதிதாகிவிடும் என்று எண்ணுகிறார்கள். முதல் வேலை தேடல். எந்தக் காப்பகத்தில், எவரது சேகரிப்பில், எந்தச் சுருள் இருக்கிறது என்று பட்டியல் எடுக்க வேண்டும். இரண்டாவது ஒப்பீடு. அக்காலத்தில் பெரிய நிறுவனங்கள் ஒரே காட்சியை அருகருகே வைத்த இரண்டு கேமராக்களால் எடுத்து, ஒரு நெகட்டிவை உள்நாட்டுக்கும் மற்றொன்றை அயல்நாட்டுக்கும் ஒதுக்குவது வழக்கம். ஆகவே இரண்டு படிகளில் ஒரே காட்சி சிறிது வேறு கோணத்தில், சில வேளை வேறு நடிப்பாகவும் அமைந்திருக்கும். எது மூலம் என்று எப்படிச் சொல்வது? அயல்நாட்டுப் படிகளில் இன்னொரு சிக்கல். அந்தந்த நாட்டு மொழியில் எழுத்து அட்டை சேர்க்க வேண்டியிருந்ததால், மூல அட்டைகளைச் சில சட்டகங்கள் அளவுக்கு அடையாளமாக மட்டும் விட்டுவைப்பார்கள். சில படங்களில் மூல வாசகம் முற்றிலும் அழிந்து, மொழிபெயர்ப்பு மட்டுமே எஞ்சும். மொழிபெயர்ப்பிலிருந்து மூலத்தை ஊகிக்கும் வேலை எத்தகையது என்பதை மொழி மாணவர்கள் அறிவார்கள்.

‘தி கோல்ட் ரஷ்’ படத்தில் இடர் இன்னும் பெரிது. 1942இல் மறுபதிப்புக்காகச் சாப்ளின் தம்மிடம் இருந்த நல்ல மூலச் சுருள்களையே வெட்டிப் பயன்படுத்திவிட்டார். பழைய பாடத்தை மீட்பவர்கள் அங்கும் இங்குமாகச் சிதறிக் கிடந்த பழைய படிகளையும், இரண்டு பாடங்களுக்கும் பொதுவான இடங்களில் 1942ஆம் ஆண்டுச் சுருளையும் இணைத்துத்தான் கட்டமைக்க வேண்டியிருந்தது. அதனால் ஒளிவட்டில் ஒரு காட்சி பளிங்குபோலவும் அடுத்தது மழையில் நனைந்ததுபோலவும் தோன்றும். வாங்கியவர்கள் சிலர் இதைக் குறையாகக் கூறுகிறார்கள். நமக்கு அது நேர்மையாகப் படுகிறது. தையல் தெரிகிறது, எந்த இடம் எந்தப் படியிலிருந்து வந்தது என்பதைக் கண்ணே சொல்லிவிடுகிறது. 1999இல் தொடங்கி, இத்தாலியின் பொலோஞா நகரத் திரைப்படக் காப்பகம் சாப்ளின் படங்களை ஒவ்வொன்றாக மீட்டு வருகிறது. படத்தின் நூற்றாண்டை ஒட்டி மேலும் பல காப்பகங்களில் தேடிச் செய்த புதிய மீட்டெடுப்பு 2025 மே மாதம் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது.

உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. அவர் எண்களை இழுத்து ஒட்டவில்லை. இடத்தை வெறுமையாகவே விட்டார். சிதைந்த அடிகளைப் புள்ளியிட்டுக் காட்டினார். பதிற்றுப்பத்தில் முதற் பத்தும் பத்தாம் பத்தும் இல்லாமலே நூல் வெளிவந்தது. தம் புலமையால் அவர் அந்த இடங்களை இட்டு நிரப்பியிருக்க முடியும். அவர் நிரப்பாமையே அவர் பதிப்பை நாம் நம்புவதற்குக் காரணம். திரைப்பட மீட்டெடுப்பிலும் இதே சோதனை உண்டு. கீறலைத் துடைப்பது சரி. ஆனால் கணினியின் துணையால் படத்தின் மணிமணியான இழைநயத்தையும் சேர்த்துத் துடைத்து, நடிகர்களின் முகத்தை மெழுகுப் பொம்மையாக்கும் பதிப்புகளும் விற்பனைக்கு வருகின்றன. அண்மையில் வண்ணம் பூசுவதும், இடைச் சட்டகங்களைக் கணினியே கற்பனை செய்து செருகுவதும் பெருகிவிட்டன. இவற்றை இடைச்செருகல் என்றுதான் நாம் வழங்க வேண்டும். நம் மரபில் அதற்கென்றே ஒரு சொல் ஆயத்தமாக இருக்கிறது.

வேகமும் ஒரு பாடச் சிக்கலே. பேசாப் படக் காலத்தில் கேமராவைக் கையால் சுழற்றினார்கள். நொடிக்கு இத்தனை சட்டகம் என்னும் உறுதியான அளவு இல்லை. ஒலி வந்த பிறகு அது 24 என நிலைபெற்றது. பழைய படத்தை அந்த வேகத்தில் ஓட்டினால் மனிதர்கள் எறும்புகளைப்போல் துருதுருவென்று ஓடுவார்கள். ‘ஊமைப்படத்தில் எல்லாரும் ஓடிக்கொண்டே இருப்பார்கள்’ என்று நம் பிள்ளைகள் எண்ணுவது, தொலைக்காட்சி அவர்களுக்குத் தந்த தவறான பாடம். சரியான வேகத்தில், அந்த ஏழை பசியால் தன் காலணியை வேகவைத்து, ஆணிகளை மீன்முள்ளைப்போல் ஒவ்வொன்றாகச் சப்பித் தட்டில் வைக்கும் காட்சியைப் பாருங்கள். ஒரு பெருந்தனக்காரர் விருந்துண்ணும் நிதானம் அதில் இருக்கும். அந்த நிதானத்தில்தான் நகை இருக்கிறது. அக்காலணி அதிமதுரத்தால் செய்த மிட்டாய் என்பது படம் எடுத்தவர்களின் இரகசியம்.

புறத்திரட்டு என்னும் தொகைநூல் இல்லையேல் முத்தொள்ளாயிரம் நமக்கு இல்லை. நூல் அழிந்தது, யாரோ ஒருவர் சுவைத்து எடுத்துத் தொகுத்த நூற்றுச் சொச்சம் பாடல்கள் மட்டும் பிழைத்தன. லாரலும் ஹார்டியும் நடித்த ‘தி பேட்டில் ஆஃப் தி செஞ்சுரி’ என்னும் 1927ஆம் ஆண்டுக் குறும்படத்துக்கும் அதுவே நேர்ந்தது. தெரு முழுவதும் மக்கள் ஒருவர்மீது ஒருவர் இனிப்புப் பணியாரத்தை வீசிக்கொள்ளும் அதன் பெரும் சண்டைக்காட்சியை, 1957இல் ராபர்ட் யங்சன் தம் நகைச்சுவைத் தொகுப்புப் படத்தில் சுருக்கி எடுத்தாண்டார். மூலச் சுருள் காணாமல் போயிற்று. பல பத்தாண்டுகள் உலகம் பார்த்தது அந்தத் திரட்டில் இருந்த துண்டை மட்டுமே. 2015இல் ஒரு தனியார் சேகரிப்பிலிருந்து அச்சுருள் வெளிப்பட்டது. திரட்டியவர் வைத்திருந்த படியே அது. இன்னும் ஒரு சிறு காட்சி கிடைக்கவில்லை. மீட்டவர்கள் அந்த இடத்தை நிழற்படங்களாலும் எழுத்தாலும் காட்டுகிறார்கள்.

அமெரிக்காவின் நிலையே இரங்கத்தக்கது. அங்கு எடுக்கப்பட்ட 10,919 முழுநீளப் பேசாப் படங்களுள் மூல வடிவில் எஞ்சியவை 14 விழுக்காடுதான் என்று அந்நாட்டு நாடாளுமன்ற நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. நம் நிலை அதனினும் கொடிது. நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த ‘கீசக வதம்’ தென்னிந்தியாவின் முதல் முழுநீளப் படம். அதன் ஆண்டை 1917 என்பாரும் 1918 என்பாரும் உளர். அதில் தமிழ், ஆங்கிலம், இந்தி ஆகிய மூன்று மொழிகளிலும் எழுத்து அட்டைகள் இருந்தன. வெள்ளித்திரையில் தோன்றிய முதல் தமிழ்த் தொடர்கள் அவை. அவற்றில் ஒன்றுகூட இன்று நம்மிடம் இல்லை. செந்தமிழா, பேச்சுத் தமிழா, மணிப்பிரவாளமா? புணர்ச்சியைப் பிரித்து எழுதினார்களா, எழுத்தறிவு குறைந்தவரும் படிக்கட்டும் என்று சொற்களைச் சுருக்கினார்களா? ஒரு மொழியியலாளர் கேட்கும் வினாக்கள் இவை. விடை தரக்கூடிய சுருள் உருக்கப்பட்டிருக்கும். பழைய படச்சுருளில் உள்ள வெள்ளிக்காக அதை உருக்கியது அக்காலத்தில் வாணிகம்.

தென்னிந்தியாவில் எடுக்கப்பட்ட பேசாப் படங்களுள் காணக் கிடைப்பது ‘மார்த்தாண்ட வர்மா’ ஒன்றே என்பர். 1933இல் நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரித்து பி.வி. ராவ் இயக்கிய மலையாளப் படம் அது. அது பிழைத்த கதை நகைச்சுவைப் படத்துக்கே உரியது. நாவலின் வெளியீட்டாளர் உரிமை கோரி வழக்குத் தொடுத்தார். படம் முடங்கியது. சுருள் வெளியீட்டாளரின் கைக்குப் போய்ப் புத்தகக் கிடங்கில் கிடந்தது. 1974இல் பூனாவில் உள்ள தேசியத் திரைப்படக் காப்பகம் அதைப் பெற்றது. ஓடி வெற்றி பெற்ற படங்களெல்லாம் தேய்ந்து அழிந்தன. தடைபட்ட படம் தப்பியது.

தமிழில் பேசாத நகைச்சுவைப் படம் என்றால் நம் நினைவுக்கு வருவது 1987இல் சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய ‘பேசும் படம்’. கமல்ஹாசனும் அமலாவும் நடித்தது. உரையாடல் ஒன்றுகூட இல்லாதது. அதற்கு முந்தைய ஆண்டு ‘புன்னகை மன்னன்’ படத்தில் சாப்ளின் செல்லப்பாவாகக் கமல் தோன்றியிருந்ததை நீங்கள் அறிவீர்கள். படம் ஒன்றே, பெயர்தான் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கன்னடத்தில் ‘புஷ்பக விமானா’, இந்தியில் ‘புஷ்பக்’. தமிழ்ப் பெயரில் மட்டும் ஒரு குறும்பு இருக்கிறது. இப்படத்தின் முடிவும் ஒரு தாளில் தொங்குகிறது. பிரிந்து செல்லும் நாயகி தன் முகவரி எழுதிய தாளை ரோசாப்பூவோடு சேர்த்து எறிகிறாள். தாள் காற்றில் பறந்து சாக்கடையில் விழுந்துவிடுகிறது. பூ மட்டும் அவன் கையில். சாப்ளினின் படத்தில் கடிதம் தவறான கையில் சேர்ந்தது. இங்கே எந்தக் கையிலும் சேரவில்லை. பேச்சை நீக்கிவிட்ட இரண்டு படங்களிலும் கதையைத் திருப்பும் பொறுப்பு ஒரு துண்டு எழுத்துக்கு வந்துவிட்டது. இப்படத்துக்கு ஐந்து மொழித் தலைப்பு அட்டைகளையும் ஒருங்கே தரும் பதிப்பு ஒன்று வேண்டும். அதை வகுப்பில் வைத்துப் பாடம் நடத்த வேண்டும் என்பது நம் நெடுநாள் ஆசை.

இவ்வளவும் ஹாலிவுட்டையும் சென்னையையும் பற்றியது. டெங்கிலில் நின்றுகொண்டு டெங்கிலைப் பேசாமல் போவது முறையன்று. புத்ராஜெயா இன்று நிற்கும் நிலம் பிராங் பெசார் தோட்டம். முதல் உலகப்போர் முடிந்து வந்த பிரிட்டிஷ் வீரர்கள் 1921இல் காடழித்து அமைத்ததால் ‘பெரும்போர்’ என்னும் பொருளில் அப்பெயர். சாப்ளின் ரொட்டிகளை ஆடவிட்ட காலத்தில் அங்கே பால்மரக் கன்றுகள் ஊன்றப்பட்டுக்கொண்டிருந்தன. 1990களில் நகரம் எழுந்தபோது பிராங் பெசார், செட்ஜ்லி, காலோவே, மேடிங்லி ஆகிய தோட்டங்களின் மக்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இவ்வட்டாரப் பள்ளிகளில் படித்தார்கள், படிக்கிறார்கள்.

அவர்கள் வீட்டு அலமாரிகளில் வீடியோ நாடாக்கள் இருக்கின்றன. கோயில் திருவிழா, திருமணம், பள்ளி ஆண்டுவிழா, பிரிவுபசாரம். எடுத்தவர் யாரோ ஒரு ‘வீடியோக்காரர்’. அவற்றில் பின்னணியாகத் தோட்டம் நிற்கிறது. இன்று அது வேறெங்கும் நிற்கவில்லை. பின்னணியில் பேச்சும் கேட்கிறது. பெரட்டு, மங்கு, ஒட்டுப்பால், கிராணி, தண்டல், ஆயாக்கொட்டகை என்று தோட்டத் தமிழ் தன்னியல்பாக நடமாடும் ஒலிப்பதிவுகள் அவை. கேமராவை மறந்துவிட்டுப் பேசுபவரின் பேச்சு, பேட்டிக்கு உட்கார்ந்தவரின் பேச்சைவிட மொழியியலுக்கு அரியது. நம் காற்றின் ஈரமோ நாடாவின் பகை. பூஞ்சை படரும்; காந்தப் பூச்சு பிசுபிசுத்து உதிரும்; ஓட்டிப் பார்க்கும் இயந்திரங்களும் அருகிவிட்டன. பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் நாடா வாடகைக்கு விட்ட கடைகளின் இடத்தில் இன்று வேறு கடைகள்.

நாடாவை எண்ணிம வடிவுக்கு மாற்றித் தரும் கடைகள் இன்னும் உண்டு. அங்கு கொடுக்கும்போது பெரும்பாலும் நடப்பது என்ன? ‘தேவையில்லாத இடத்தை வெட்டிவிடவா, பாட்டுப் போடவா’ என்று கேட்பார்கள், நாமும் தலையசைத்துவிடுவோம். வெட்டப்படும் இடம், மணமகள் வரும்வரை கேமரா சும்மா ஓடிக்கொண்டிருந்த இடம். பாட்டி ஒருவர் யாரையோ அதட்டும் இடம். பாட்டுப் போட்டால் அந்த அதட்டல் மூழ்கிவிடும். 1942ஆம் ஆண்டுப் பாடத்தை நாமே நம் வீட்டில் தயாரிக்கிறோம். 1925ஆம் ஆண்டுப் பாடம் குப்பைக்குப் போகிறது. ஆகவே ஆசிரியர்களிடம் நாம் கேட்பது மிக எளியது. ஆறாம் படிவ மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் இடுபணியாக ஒரு நாடாவைக் கொடுங்கள். முழுவதையும் வெட்டாமல் மாற்றச் சொல்லுங்கள். உறையில் எழுதியிருப்பதை எழுத்துப்பிழையோடு அப்படியே படியெடுக்கட்டும். யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று குடும்பத்தாரைக் கேட்டுக் குறிக்கட்டும். குடும்பத்தின் இசைவின்றி வெளியில் காட்ட வேண்டாம். கேட்கும் பேச்சைச் செந்தமிழாகத் திருத்தாமல் ஒலித்தபடியே எழுதட்டும். புரியாத இடத்தில் புள்ளி வைக்கட்டும். மாற்றி முடித்த பின்னும் நாடாவை எறிய வேண்டாம். நாளைக்கு இதைவிட நல்ல கருவி வரும்.

நேரம் கருதி இசையைப் பற்றிப் பேச எண்ணியதை விட்டுவிடுகிறோம். இப்போது கடிதக் காட்சியை இரண்டு பாடங்களிலும் அடுத்தடுத்துப் பார்ப்போம். முதலில் 1925. எழுத்து அட்டைகள் ஆங்கிலத்தில் இருக்கும். முன்வரிசை மாணவர் ஒருவர் அவற்றைத் தமிழில் உரக்கச் சொன்னால் பழைய கொட்டகை வழக்கமும் நிறைவேறிவிடும். ஜாக் அந்தக் கடிதத்தை மடித்துக் கொடுத்தனுப்பும்போது யாருடைய முகத்தைப் பார்க்கிறான் என்பதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். விளக்கை அணைக்கலாம்.